துப்பாக்கிக்கும் தங்கத்துக்கும் பக்கத்தில் ஒரு டிவி

இந்திய அரசின் 2016ஆம் ஆண்டு ‘பேக்கேஜ்’ (பயணச் சுமை) விதிகளில் முதல் இணைப்பாக ஒரு சிறு பட்டியல் இருந்தது. வெளிநாட்டிலிருந்து வருகிறவர் தன் வரிவிலக்கு வரம்புக்குள் சேர்த்துக்கொள்ள முடியாத பொருட்களின் பட்டியல் அது. துப்பாக்கி. 50க்கு மேற்பட்ட தோட்டாக்கள். 100க்கு மேற்பட்ட சிகரெட்டுகள். 2 லிட்டருக்கு மேற்பட்ட மது. நகையாக இல்லாத தங்கமும் வெள்ளியும். இவற்றுக்கு அடுத்து ஆறாவதாக, எல்சிடி, எல்இடி, பிளாஸ்மா ஆகிய தட்டைத் திரைத் தொலைக்காட்சி. முதல் ஐந்தின் மீது அரசுக்கு ஏன் ஒரு கண் என்பது புரிகிறது. வீட்டுக் கூடத்தில் சுவரில் தொங்க வேண்டிய பொருள் இந்தக் கூட்டத்தில் எப்படிப் போய்ச் சேர்ந்தது?

கொஞ்சம் பின்னால் போய்த்தான் வர வேண்டும். எண்பதுகளில் வளைகுடாவிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ ஒருவர் ஊர் திரும்பினால், வாடகை அம்பாசிடர் தெருமுனையில் திரும்பும்போதே எல்லோர் கண்ணும் காரின் கூரைக்குத்தான் போகும். அங்கே கயிற்றால் வரிந்து கட்டப்பட்ட அட்டைப் பெட்டி இருக்கும். கீழக்கரை, காயல்பட்டினம் பக்கங்களில் வெளிநாட்டில் பிழைப்பவரைச் ‘சபுராளி’ என்பார்கள். சபர் என்றால் அரபியில் பயணம். சபுராளியின் பயணம் முடிந்ததற்கான அத்தாட்சி அந்தப் பெட்டி. டூ-இன்-ஒன் டேப் ரெக்கார்டர், பிறகு வண்ணத் தொலைக்காட்சி, பிறகு வி.சி.ஆர். என்று பத்தாண்டுக்குள் பெட்டியின் உள்ளடக்கம் மாறியது. அதற்குக் கிடைத்த மரியாதை மாறவில்லை.

இதைப் பகட்டு என்று மட்டும் சொல்லிவிட முடியாது. இந்தியாவில் வண்ண ஒளிபரப்பு 1982இல், டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டித்தான் பரவலானது. அதன் பின்னும் நல்ல வண்ணத் தொலைக்காட்சி நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டாத விலையில் இருந்தது. துபாயிலும் சிங்கப்பூரிலும் அதே ஜப்பானியப் பெட்டிகள் கடைக்குக் கடை அடுக்கியிருந்தன. வாங்குபவருக்கு அங்கேயே ஒரு தொழில்நுட்பப் பாடமும் கிடைத்தது. இந்தியா ‘பால்’ முறையில் ஒளிபரப்பியது, சவூதி ‘சீகாம்’ முறையில், அமெரிக்காவும் ஜப்பானும் ‘என்.டி.எஸ்.சி.’ முறையில். தவறான பெட்டியை வாங்கினால் ஊரில் படம் கறுப்பு வெள்ளையில் உருளும். அதனால்தான் வளைகுடாக் கடைகளில் ‘மல்ட்டி சிஸ்டம்’ என்ற சொல் அவ்வளவு செல்லுபடியானது. பத்தாம் வகுப்பைத் தாண்டாதவரும் அந்த மூன்று முறைகளையும் பிழையில்லாமல் சொல்வார்.

பயணிகளுக்கான வரிச் சலுகையைச் சுற்றி ஒரு தொழிலே வளர்ந்தது. பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களுக்காக 1969இல் சென்னைக் கடற்கரை ரயில் நிலையம் அருகே அமைக்கப்பட்ட பர்மா பஜார், காலப்போக்கில் வெளிநாட்டு மின்னணுப் பொருட்களின் சந்தையாயிற்று. அதற்குச் சரக்கு கொண்டுவந்தவர்கள் ‘குருவிகள்’. சிங்கப்பூருக்குப் பறந்து, தூக்கக்கூடியதைத் தூக்கிக்கொண்டு, மறுநாளே திரும்புகிறவர்கள். வேலை முடிந்து வீடு திரும்புகிற தொழிலாளியும் குருவியும் ஒரே வரிசையில், ஒரே அளவுப் பெட்டியோடுதான் நின்றார்கள். சுங்க அதிகாரியால் அவர்களைப் பிரித்தறிவது எளிதாக இருந்ததில்லை. விமான நிலையத்தில் நம் மீது விழும் சந்தேகப் பார்வைக்குப் பாதிக் காரணம் இந்தப் பழைய கதைதான் என்பது என் எண்ணம்.

இனி 2013. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு கண்ணாடிக் குழாய்த் தொலைக்காட்சி செத்து, தட்டைத் திரை வந்திருந்தது. பழைய 29 அங்குலப் பெட்டியின் எடை 40 கிலோவைத் தாண்டும். புதிய 40 அங்குலத் திரையை ஒருவரே அக்குளில் இடுக்கிக்கொண்டு நடக்கலாம். வரிவிலக்கு வரம்பு அப்போது 35,000 ரூபாய், தொலைக்காட்சியும் அதற்குள் அடக்கம். பாங்காக்குக்கும் துபாய்க்கும் சுற்றுலா போனவர்கள்கூடத் திரும்பும்போது ஒன்றை வாங்கி வந்தார்கள். உள்நாட்டு உற்பத்தியாளர்கள் முணுமுணுத்தார்கள். அதே சமயம் ரூபாய் சரிந்துகொண்டிருந்தது. 2012-13இல் நடப்புக் கணக்குப் பற்றாக்குறை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 4.8 சதவீதத்தைத் தொட்டிருந்தது. வெளியே போகும் டாலரை எங்கெல்லாம் அடைக்கலாம் என்று தேடிய அரசு, 2013 ஆகஸ்ட் 26 முதல் தட்டைத் திரைத் தொலைக்காட்சிக்கு வரிவிலக்கு இல்லை என்று அறிவித்தது. அன்று விதித்த வரி, மேல்வரியோடு சேர்த்து 36.05 சதவீதம். இரண்டே நாளில் டாலருக்கு எதிரான ரூபாய் மதிப்பு 68ஐத் தாண்டியது. தொலைக்காட்சியை நிறுத்தி ரூபாயைக் காப்பாற்ற முடியவில்லை. பிற்பாடு ரூபாய் ஓரளவு தேறியது. நெருக்கடிக்காகப் போட்ட விதி மட்டும் பட்டியலை விட்டு இறங்காமல் 2016ஆம் ஆண்டு விதிகளுக்குள்ளும் ஏறி உட்கார்ந்துகொண்டது.

2018இல் கல்வி மேல்வரி போய்ச் சமூக நல மேல்வரி வந்தபோது கணக்கு 38.5 சதவீதமாயிற்று: 35 சதவீத வரி, அந்த வரியின் மேல் 10 சதவீதம். 40,000 ரூபாய் மதிப்புள்ள தொலைக்காட்சிக்கு 15,400 ரூபாய். 2016 விதிகள் பொது வரம்பை 50,000 ரூபாயாக உயர்த்தியிருந்தன. ஆனால் தொலைக்காட்சியின் மதிப்பை அந்த வரம்பில் கழித்துக்கொள்ள முடியவில்லை. முதல் ரூபாயிலிருந்தே வரி. (2026 பிப்ரவரியில் 2016 விதிகளின் இடத்தில் புதிய விதிகள் வந்துவிட்டன; இந்த எண்கள் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறக்கூடியவை. கிளம்புகிற வாரத்தில் மறைமுக வரிகள் வாரியத்தின் இணையதளத்தை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.)

இந்த இடத்தில் அறை நண்பர்கள் சொல்லும் யோசனைகள் சில உண்டு. பெட்டியைப் பிரித்து, ஒரு வாரம் ஓட்டி, பழையது என்று சொல்லிவிடலாம் என்பது ஒன்று. விதியில் புதியது பழையது என்ற பேச்சே இல்லை. தட்டைத் திரை என்றால் தட்டைத் திரைதான். குடும்பத்தில் நான்கு பாஸ்போர்ட் இருக்கிறது, நான்கு பேரின் வரம்பையும் கூட்டிக்கொள்ளலாம் என்பது இன்னொன்று. வரம்பு ஆளுக்கு ஆள் தனி; சேர்க்க முடியாது. கடைக்காரரிடம் குறைந்த விலைக்கு பில் வாங்கிக்கொள்வது மூன்றாவது. பில்லை அப்படியே ஏற்க வேண்டும் என்ற கட்டாயம் அதிகாரிக்கு இல்லை. மாடல் எண் பெட்டியின் மேலேயே அச்சடித்திருக்கிறது, விலையைத் தேட அவருக்கு அரை நிமிடம் போதும். அறிவிக்க எதுவும் இல்லாதவர்களுக்கான பச்சை வழியில் நடந்து பார்க்கலாம் என்கிறவர்களுக்குச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது: 55 அங்குலப் பெட்டியை ஒளிக்கிற கைவரிசை யாரிடமும் இல்லை. பிடிபட்டால் வரியோடு, பொருளைத் திரும்பப் பெறக் கட்டும் மீட்பு அபராதமும் தனி அபராதமும் சேரும்.

அதிகம் பேருக்குத் தெரியாத ஒரு வழியும் சட்டத்தில் உண்டு. 1962ஆம் ஆண்டு சுங்கச் சட்டத்தின் 80ஆவது பிரிவின்படி, பொருளை ஒளிக்காமல் அறிவித்த பயணி, வரி கட்ட விருப்பமில்லை என்றால், அதைச் சுங்கத்தின் காவலில் விட்டுவிட்டு நாட்டை விட்டுத் திரும்பப் போகும்போது வாங்கிக்கொள்ளக் கேட்கலாம். ஒரு மாத விடுமுறைக்கு வந்து வேலைக்குத் திரும்புகிறவருக்குப் பயன்படும். ஊரோடு வந்துவிடுகிறவருக்கு இதனால் ஆவது ஒன்றுமில்லை.

ஊரோடு வருகிறவருக்கு வேறொரு கதவு இருக்கிறது: குடியிருப்பு மாற்றச் சலுகை. 2016 விதிகளில் இது வெளிநாட்டில் இருந்த காலத்தைப் பொறுத்து ஏறியது. மூன்று மாதத்துக்கு மேல் என்றால் வீட்டுப் பொருட்களுக்கு 60,000 ரூபாய் வரை, ஆறு மாதத்துக்கு 1 லட்சம், ஓராண்டுக்கு 2 லட்சம், இரண்டு ஆண்டுகளுக்கு மேல் 5 லட்சம். கடைசிப் படிக்கு நிபந்தனைகள் இருந்தன. அந்த இரண்டு ஆண்டுகளில் விடுமுறைக்கு வந்து தங்கிய நாட்களின் கூட்டு ஆறு மாதத்தைத் தாண்டக் கூடாது என்பது ஒன்று. சலவை இயந்திரம், கணினி, 300 லிட்டர் வரையுள்ள குளிர்சாதனப் பெட்டி எல்லாம் இந்தச் சலுகையில் வந்தன. வி.சி.ஆரும் வந்தது. ஆம், 2016இல் எழுதிய விதியில் வி.சி.ஆர். பத்திரமாக இருந்தது. உலகம் கைவிட்ட பொருளுக்கு வரி வேண்டாம், உலகம் வாங்குகிற பொருளுக்கு வேண்டும் என்று படித்தால் பட்டியலின் தர்க்கம் பிடிபட்டுவிடும்.

சுங்கம் பணத்தால் அளக்கிறது. விமான நிறுவனம் சென்டிமீட்டரால் அளக்கிறது, கிலோவால் அளக்கிறது. ஊர் திரும்புகிறவர் மலைத்துப்போவது பெரும்பாலும் இந்த இரண்டாவது இடத்தில்தான். 40 கிலோ அனுமதி என்று டிக்கெட்டில் இருக்க, 12 கிலோ டிவியை ஏன் ஏற்க மறுக்கிறார்கள் என்று.

பல நிறுவனங்கள் பின்பற்றும் அளவு, நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 158 சென்டிமீட்டர். திரை அளவைக் கொண்டு இதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 16க்கு 9 விகிதத்தில், 32 அங்குலத் திரை சுமார் 71 செ.மீ. அகலம், 40 செ.மீ. உயரம். தெர்மாகோலும் அட்டையும் சேர்த்தால் பெட்டி 80, 52, 13 என்ற அளவில் வரும், கூட்டினால் 145. தப்பியது. 43 அங்குலத்துக்குத் திரை மட்டுமே 95, 54. பெட்டியோடு 180ஐத் தாண்டிவிடும். 55 அங்குலத்தில் வெறும் திரையே 122, 69 என்று 190ஐக் கடக்கிறது. பெட்டிக்கு ஏறத்தாழ 135, 83, 16. ஆக, 158 என்ற கோட்டுக்குள் நிற்கும் கடைசித் தொலைக்காட்சி 32 அங்குலம்தான். வளைகுடா நிறுவனங்களில் சில இதைவிடத் தாராளமான அளவு வைத்திருக்கின்றன, மொத்தம் 300 செ.மீ. வரைகூட. எந்த நிறுவனம், எந்த டிக்கெட் என்பதைப் பொறுத்து அதே பெட்டி இலவசமாகவும் போகலாம், தனிக் கட்டணம் கட்டியும் போகலாம், கவுண்டரிலேயே நின்றும் போகலாம். எடையில் மட்டும் இந்தத் தாராளம் கிடையாது. ஒரு பெட்டி 32 கிலோவுக்கு மேல் கூடாது என்பது அதைக் குனிந்து தூக்குகிற தொழிலாளியின் முதுகை மனதில் வைத்துப் போட்ட விதி. முப்பது வயதில் முதுகு போன சுமைத் தொழிலாளியைப் பார்த்தவர்கள் இதற்காக யாரிடமும் சண்டைக்குப் போக மாட்டார்கள்.

விமானத்தின் வயிற்றைப் பார்த்தால் இந்த விதிகளின் காரணம் இன்னும் தெளிவாகும். போயிங் 777 போன்ற அகன்ற விமானத்தில் பெட்டிகளை அலுமினியக் கொள்கலனில் அடுக்கி, கொள்கலனை உருட்டி ஏற்றுகிறார்கள். கொள்கலனின் உயரம் 160 செ.மீ. அளவில் இருக்கும், 55 அங்குலப் பெட்டி உள்ளே நிமிர்ந்து நிற்கலாம். தமிழ்நாட்டுக்கும் வளைகுடாவுக்கும் இடையே அதிகம் பறக்கும் போயிங் 737இல் கொள்கலன் கிடையாது. சுமார் 120 செ.மீ. அகலமும் 90 செ.மீ.க்குள் உயரமும் உள்ள கதவு வழியாக ஒவ்வொரு பெட்டியையும் ஆள் கையால் உள்ளே தள்ளி, மண்டியிட்டு அடுக்க வேண்டும். உள்ளே நிமிர்ந்து நிற்கும் உயரம் மனிதருக்கே இல்லை. அங்கே ஒரு தொலைக்காட்சிப் பெட்டி நிமிர்ந்து நிற்பதும், படுத்துக்கொண்டு மேலே நான்கு சூட்கேஸ்களைச் சுமப்பதும் அந்த நேரத்து அவசரத்தைப் பொறுத்தது. ‘உள்ளே உடையும் பொருள்’ என்று காட்டப் பெட்டியின் மேல் அச்சடித்த ஒயின் கிண்ணப் படம் இருட்டில் யார் கண்ணுக்கும் படாது.

திரையின் கண்ணாடி அரை மில்லிமீட்டர் பருமனில் இருக்கும் மெல்லிய தகடுகள். நிறுத்தி வைத்தால் அதன் எடையை விளிம்புகளும் தெர்மாகோலும் தாங்கிக்கொள்கின்றன. படுக்கவைத்தால் நடுப்பகுதி தொய்ந்து, மேலே ஏறும் சுமையைத் தானே வாங்குகிறது. பழைய கண்ணாடிக் குழாய் எடை மிகுந்ததாக இருந்தாலும் இந்த விஷயத்தில் முரடு. கூரையில் கட்டிப் பரமக்குடி வரை கொண்டுபோகலாம். சரக்கறையின் காற்றழுத்தத்தைப் பற்றிப் பலர் கவலைப்படுகிறார்கள். அது தேவையில்லை, பயணிகள் பகுதியைப் போலவே அங்கேயும் அழுத்தம் பராமரிக்கப்படுகிறது.

கயிறு கட்டுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெட்டியைச் சுற்றி நைலான் கயிற்றைப் பின்னிப் பிடி வைப்பது நம்மவர்களின் கைவண்ணம். நான்கு பக்கமும் மார்க்கர் பேனாவால் பெயர், பாஸ்போர்ட் எண், ஊர், தொலைபேசி எண். பெல்ட்டில் வருகிற பெட்டியின் கையெழுத்தைப் பார்த்தே எந்த மாவட்டம் என்று சொல்லிவிடலாம் போலிருக்கும். ஆனால் இன்றைய பெரிய விமான நிலையங்களில் பெட்டியைக் கொண்டுபோவது இயந்திரம். துபாய் விமான நிலையத்தில் கன்வேயர் பாதையின் நீளம் மட்டும் 140 கிலோமீட்டர் அளவுக்கு. உருண்டை மூட்டைகளும் தொங்கும் கயிறுகளும் அதில் சிக்கிப் பாதையையே நிறுத்திவிடுகின்றன என்று, 2017 மார்ச் 8 முதல் குறைந்தது ஒரு பக்கமாவது தட்டையாக இல்லாத பெட்டிகளை அங்கே மறுத்தார்கள். தொலைக்காட்சி தட்டைதான், ஆனால் பெரியது. அதனால் வழக்கமான பெல்ட்டில் போகாமல் பெரிய பொருட்களுக்கான தனி வாயிலில் போகும், இறங்கும் இடத்திலும் தனிக் கதவு வழியாகவே வரும். அதை அறியாமல் பெல்ட்டின் முன்னால் நின்றே காத்திருக்கிறவர்கள் ஒவ்வொரு விமானத்திலும் இருக்கிறார்கள்.

உடைந்தால் யார் பொறுப்பு? 1999ஆம் ஆண்டு மாண்ட்ரியல் உடன்படிக்கையில் இந்தியா 2009இல் சேர்ந்தது. வளைகுடா நாடுகளும் அதில் இருக்கின்றன. பயணி ஒப்படைத்த பெட்டிக்குச் சேதம் வந்தால் விமான நிறுவனம் ஈடு தர வேண்டும் என்கிறது அது. 2024 டிசம்பர் 28 முதல் உச்சவரம்பு ஒரு பயணிக்கு 1,519 எஸ்.டி.ஆர். (பன்னாட்டு நிதியத்தின் கணக்கு அலகு); சுமார் 2,000 டாலர். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பொருளின் இயல்பான குறையால் வந்த சேதத்துக்குப் பொறுப்பில்லை என்றும் அதே உடன்படிக்கை சொல்கிறது. எளிதில் உடையும் பொருட்களை லக்கேஜில் போடாதீர்கள் என்று நிறுவனங்களின் நிபந்தனைகளும் சொல்கின்றன. செக்-இன் கவுண்டரில் ஒரு சிறு அட்டையில் கையெழுத்து வாங்குவார்களே, அது ‘உடைந்தால் கேட்க மாட்டேன்’ என்கிற சீட்டு. அதுவே முடிந்த முடிவு என்று நினைத்துவிட வேண்டாம்: பொறுப்பை முழுவதும் உதறித்தள்ளும் எந்த நிபந்தனையும் செல்லாது என்று உடன்படிக்கையின் 26ஆவது பிரிவு சொல்கிறது. எங்கே இடிக்கிறது என்றால் நாட்களில். சேதத்தை ஏழு நாட்களுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அட்டையில் கீறல்கூட இல்லாமல் உள்ளே திரை விரிசல் விட்டிருக்கும். அக்காள் திருமணம் முடியட்டும், நல்ல நாள் பார்த்துப் பிரிக்கலாம் என்று வைத்தால் எட்டாம் நாள் வந்துவிடும்.

தொலைக்காட்சியை விட்டு மற்றவற்றைப் பார்த்தால், குளிர்சாதனப் பெட்டியும் சலவை இயந்திரமும் 32 கிலோ வரம்பிலேயே நின்றுவிடும். அவை கப்பல் கார்கோவுக்கு உரியவை. விமான கார்கோவில் கன அளவுக்கும் எடை போடுவார்கள்: சென்டிமீட்டரில் மூன்று அளவையும் பெருக்கி 6,000ஆல் வகுத்தால் வருவது. மேலே சொன்ன 55 அங்குலப் பெட்டிக்கு அது 30 கிலோ. உண்மையான எடை 20க்குள் இருந்தாலும் 30க்குத்தான் பணம். சவூதியிலிருந்து வருகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. தொலைக்காட்சி, மடிக்கணினி போன்றவற்றின் பின்பக்கத்தில் 50/60 என்று போட்டிருந்தால் கவலையில்லை. 60க்கு மட்டுமே செய்த மோட்டார் இங்கே ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுற்றும், சூடேறும், சீக்கிரம் போகும். பவர் பேங்க் எப்போதும் கைப்பையில்தான்; பெரிய பெட்டிக்குள் மறந்து வைத்தால் பெட்டியையே திறந்து எடுக்கச் சொல்வார்கள்.

இந்தச் சிக்கலுக்கு இலங்கை கண்ட தீர்வு வேறு. கட்டுநாயக்க விமான நிலையத்தில் வந்து இறங்கியதும் வருகைப் பகுதியிலேயே தீர்வையற்ற கடைகள். வாசனைத் திரவியத்துக்குப் பக்கத்தில் சலவை இயந்திரம், குளிர்சாதனப் பெட்டி, தொலைக்காட்சி. மத்திய கிழக்கில் வீட்டு வேலை செய்துவிட்டு வரும் பெண்கள் தங்கள் சலுகையை அங்கேயே பயன்படுத்திக்கொள்கிறார்கள். வெளிநாட்டில் சம்பாதித்த காசு உள்ளூர்க் கடையில் விழுகிறது, பெட்டி விமானம் ஏறும் தொல்லையும் இல்லை. முதல் முறை அந்த விமான நிலையத்துக்கு வருகிறவர் சிரித்துவிடுவார். யோசித்தால், இந்தக் கட்டுரையில் வருகிற எல்லா ஏற்பாடுகளிலும் தொழிலாளியின் முதுகையும் பையையும் ஒருசேர நினைத்தது இது ஒன்றுதான்.

இந்தியாவில் கணக்கு இப்போது வேறு பக்கம் சாய்ந்துவிட்டது. 32 அங்குலத்துக்கு மேற்பட்ட தொலைக்காட்சிக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 28இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. சுங்க வரியையும், கூடுதல் லக்கேஜ் கட்டணத்தையும், அங்கே வாங்கியதற்கு இங்கே செல்லாத வாரண்டியையும் கூட்டினால், சாதாரண 43, 55 அங்குலத் திரைக்கு விமானம் தேவையே இல்லை. இங்கே கிடைக்காத உயர்ரக மாடலோ, அங்கே மூன்று ஆண்டு ஓடிய தன் சொந்தத் திரையின் மீது வைத்த பாசமோ இருந்தால் சரி. அப்படியும் திருச்சி விமான நிலைய வாசலில் டிவிப் பெட்டிகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

வந்த பெட்டியை வீட்டில் இறக்கியதும் ஒரு வேலை செய்ய வேண்டும்: ஒன்றும் செய்யாமல் இருக்க வேண்டும். குளிர்ந்த சரக்கறையிலிருந்து நம் ஊர்ப் புழுக்கத்துக்கு வந்த கருவியின் உள்ளே ஈரம் படியும். சில மணி நேரம் கழித்துத்தான் மின்சாரம் கொடுக்கலாம். பக்கத்து வீட்டுக்காரர்கள் உட்பட எல்லோரும் கறுப்புத் திரையைப் பார்த்தபடி காபி குடிப்பார்கள். பிறகு யாராவது வயரை எடுத்துச் சுவரருகே கொண்டுபோவார்கள். துபாய் பிளக்கின் முள்கள் மூன்றும் செவ்வகம், நம் சுவரில் இருப்பது வட்டத் துளை. ஒரு பையனைச் சைக்கிளில் எலக்ட்ரிகல் கடைக்கு அனுப்புவார்கள்.